கேள்வி–பதில்: அலுமினியத்தை வெட்டுவதற்கு முன்

ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் கொண்ட மெக்கானிக்கல் கீபோர்டுகளைக் கடையில் வாங்கிப் பழகிய வாசகர்கள் பலர், தங்களுக்கென்று ஒன்றைத் தாங்களே வடிவமைக்க விரும்பிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஏழு கடிதங்களை எடுத்து இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்துக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக மெக்கானிக்கல் கீபோர்டு பயன்படுத்துகிறேன். இப்போது எனக்கென்று ஒன்றை அடியிலிருந்து வடிவமைக்க ஆசை. நல்ல சுவிட்சுகளை முதலில் வாங்கி வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக அமைந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: நண்பர்கள் சொன்னதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பின்னால் எளிதில் மாற்றக்கூடியது எதுவோ அதைப் பற்றி இப்போது தலையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. ஃபர்ம்வேரை, அதாவது விசைப்பலகைக்குள் இயங்கும் மென்பொருளை, இன்று மாலையே மாற்றலாம். விசைகளின் மேல்மூடிகளான கீகேப்புகளை அடுத்த மாதம் மாற்றலாம். ஹாட்-ஸ்வாப் சாக்கெட் பொருத்திய பிசிபியாக (மின்சுற்றுப் பலகை) இருந்தால் சுவிட்சுகளைச் சாலிடரிங் செய்யாமலே பிடுங்கி வேறு செருகலாம். சுவிட்சுகளைப் பிடித்து நிறுத்தும் தகடான பிளேட்டை மாற்றினால் கொஞ்சம் செலவு, பிசிபியை மாற்றினால் அதைவிடக் கூடுதல் செலவு. வெளிக்கூடான கேஸை மாற்றுவதென்றால் இன்னொரு விசைப்பலகை செய்வதாகத்தான் பொருள். கேஸின் வடிவத்தைத் தீர்மானிப்பது விசைகளின் அமைப்பு, அதாவது லேஅவுட். ஆகவே தொடங்க வேண்டிய இடம் அதுதான். சுவிட்ச் கடைசிக்கு வரட்டும்.

லேஅவுட்டைக் கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கீபோர்டு லேஅவுட் எடிட்டரில் விசைகளை அடுக்கிய பிறகு, அதை உண்மையான அளவில் தாளில் அச்சிடுங்கள். ஒரு விசையின் நடுப்புள்ளிக்கும் அடுத்த விசையின் நடுப்புள்ளிக்கும் இடையே 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். இதைத்தான் ஒரு யூனிட் என்கிறோம். எண் பகுதியும் அம்புக்குறி விசைகளும் இல்லாத அறுபது விழுக்காட்டு அமைப்பு 15 யூனிட் அகலம் கொண்டது; அது 285.75 மி.மீ. வருவதால் ஏ4 தாளின் நீளவாக்கில் மயிரிழையில் அடங்கிவிடும். அம்புக்குறி விசைகள் உள்ள அறுபத்தைந்து விழுக்காட்டு அமைப்பு 16 யூனிட், அதாவது 304.8 மி.மீ.; ஏ4 தாளின் நீளமோ 297 மி.மீ.தான். இதைக் கவனிக்காமல் அச்சிட்டால், பிரிண்டர் நம்மிடம் கேட்காமலே படத்தைச் சுருக்கிவிடும். சுருங்கிய தாளில் விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு, ‘கைக்கு மிக அடக்கமாக இருக்கிறதே’ என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். இரண்டு தாள்களை ஒட்டியாவது முழு அளவில் அச்சிட்டு, பத்து விசைகள் சேர்ந்து 190.5 மி.மீ. இருக்கின்றனவா என்று அளவுகோலால் சரிபாருங்கள். பிறகு அந்தத் தாளை ஓர் அட்டையில் ஒட்டி, இப்போதைய விசைப்பலகைக்கு அருகில் ஒரு வாரம் வைத்திருங்கள். வேலைக்கு நடுவே விரல் எந்த விசையைத் தேடி எங்கே போகிறது என்பதை மட்டும் அதில் பென்சிலால் குறித்து வாருங்கள்.

நீங்கள் நிரல் எழுதுபவர் என்பதால், 1996இல் ஜப்பானின் பிஎஃப்யூ நிறுவனம் வெளியிட்ட ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டின் அமைப்பை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது. கேப்ஸ்லாக் இருக்க வேண்டிய இடத்தில் அதில் கன்ட்ரோல் இருக்கும். எந்த விசையை நீக்கலாம், எதற்கு நல்ல இடம் தர வேண்டும் என்று சிந்தித்த ஒருவர் செய்த வேலை அது என்பது பார்த்தவுடனே புரியும். ஆனால் அதையே படியெடுத்துவிடாதீர்கள். நாள் முழுவதும் விரிதாளில் எண்களை அடிக்கும் ஒருவருக்கு வலப்புற எண் பகுதியை வெட்டி எறிந்த விசைப்பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் இடைஞ்சல்தான்.

இன்னொரு செய்தி. உங்கள் அமைப்பில் வழக்கத்துக்கு மாறான அகலமுள்ள விசைகளை எண்ணிப் பாருங்கள். அறுபத்தைந்து விழுக்காட்டில் வலப்புற ஷிஃப்ட் பெரும்பாலும் 1.75 யூனிட்டாகக் குறுகிவிடும். ஸ்பேஸ் பார் 6.25 யூனிட்டா, 7 யூனிட்டா என்பதும் கீழ்வரிசை முழுவதையும் மாற்றிவிடும். கீகேப் தொகுப்பு விற்பவர்களிடம் அந்த அகலங்கள் உண்டா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே ஒரு விசைக்குக் கீகேப் கிடைக்காமல் பொக்கைப் பல்லாக நிற்கும் விசைப்பலகைகள் உண்டு.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சிறிய சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல்) பட்டறை இருக்கிறது. பம்பு உதிரிபாகங்கள்தான் வழக்கமான வேலை. என் மகனுக்காக அலுமினியத்தில் ஒரு கீபோர்டு கேஸ் கடைந்து தர நினைக்கிறேன். படம் வரையும்போது எந்த அளவுகளில் கவனம் வேண்டும்?
– பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது: டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மகன் கொண்டுவரும் படத்தில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மேலிருந்து தெரியும் தோற்றத்தை அல்ல, குறுக்குவெட்டை.

செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகைச் சுவிட்சும் அதைப் பின்பற்றி வந்த சுவிட்சுகளும் ஓர் அளவுக்குக் கட்டுப்பட்டவை: பிளேட்டின் மேல்பரப்புக்கும் பிசிபியின் மேல்பரப்புக்கும் இடையே 5 மி.மீ. பிளேட்டின் கனம் 1.5 மி.மீ. இருக்க வேண்டும், அதற்கேற்பத்தான் சுவிட்சின் பக்கவாட்டுக் கொக்கிகள் அமைந்திருக்கின்றன. பிசிபி வழக்கமாக 1.6 மி.மீ. கனம். ஆக, பிளேட்டின் மேற்புறத்திலிருந்து பிசிபியின் அடிப்புறம் வரை 6.6 மி.மீ. இத்தோடு முடிந்தது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. அதற்குக் கீழே சுவிட்சின் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஹாட்-ஸ்வாப் சாக்கெட் பொருத்தினால் அது மேலும் ஏறத்தாழ 2 மி.மீ. இறங்கும். நான் வரைந்த முதல் கேஸில் சாலிடர் செய்யும் பிசிபிக்குக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் சாக்கெட் வைத்த பிசிபிக்கு மனம் மாறினேன். சாக்கெட்டுகள் கேஸின் தரையில் இடித்து, நடுவரிசை மட்டும் மேடாக நின்றது. அடியில் 1 மி.மீ. கூடுதல் பள்ளம் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். அந்தக் கேஸ் இன்று என் மேசையில் தாள் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

பிளேட்டில் சுவிட்ச் உட்காரும் துளை 14 மி.மீ. சதுரம். லேசரில் வெட்டும்போது கதிர் தின்னும் அகலத்தைக் கழிக்காவிட்டால் துளை பெரிதாகிச் சுவிட்ச் ஆடும். கீகேப்பை இழுக்கும்போது சுவிட்சும் சேர்ந்து வந்துவிடும். முதலில் நான்கே துளைகள் கொண்ட சிறு துண்டொன்றை வெட்டி, உண்மையான சுவிட்சைச் செருகிப் பாருங்கள்.

கேஸின் உள்மூலைகளைப் படத்தில் கூர்மையாக வரைந்திருந்தால் மகனிடம் திருப்பிக் கொடுங்கள். சுழலும் கட்டர் உள்மூலையைத் தன் ஆரத்துக்கு வளைத்துத்தான் விடும் என்பது உங்களுக்குத் தெரியும். கணினியில் வரைபவர்களுக்குப் பல சமயம் தெரிவதில்லை. பிசிபியின் மூலைகளையும் பிளேட்டின் மூலைகளையும் அதைவிடச் சற்றுப் பெரிய ஆரத்தில் வளைத்துவிட்டால் சிக்கல் இல்லை. கீகேப்பின் விளிம்புக்கும் கேஸின் சுவருக்கும் இடையே சுற்றிலும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். அனோடைஸ் செய்யும்போது, அதாவது மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு பூச்சு ஏற்றும்போது, பூச்சு வெளிப்பக்கமாகவும் கொஞ்சம் வளரும் என்பதால், இறுக்கமாகப் பொருந்த வேண்டிய இடங்களில் அதையும் கணக்கில் சேருங்கள். வண்ண அனோடைசிங் சீராக அமைய வேண்டுமென்றால் 6063 அலுமினியம் நல்ல தேர்வு. 6061 சற்று உறுதியானது என்றாலும் கீபோர்டுக்கு அந்த உறுதி தேவைப்படுவதில்லை.

தட்டச்சுச் சாய்வு 6 முதல் 7 பாகை வரை இருந்தால் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். முன்விளிம்பின் உயரம் 20 மி.மீ.க்கு மேல் போனால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும்; அப்போது உள்ளங்கைக்குத் தனியாக ஒரு தாங்கு கட்டை தேவைப்படும். ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 320 × 120 × 30 மி.மீ. அளவுள்ள அலுமினியக் கட்டி ஏறத்தாழ 3.1 கிலோ எடை வரும். அதிலிருந்து கடைந்து எடுக்கும் கேஸ் பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். மீதியெல்லாம் தூள். பணம் கொடுத்துச் செய்பவர்களுக்குக் கேஸ் ஏன் இவ்வளவு விலை என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தத் தூள்தொட்டியில் இருக்கிறது. பட்டறை சொந்தமாக உள்ள உங்களுக்கு மிச்சமாவது அந்தப் பாதியல்ல, இயந்திர நேரம்.

கேள்வி: காணொளிகளில் கேட்கும் ‘தொக்’ என்ற ஆழ்ந்த ஒலி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்கு கேஸ்கெட் மவுண்ட்தான் வேண்டும் என்கிறார்கள். மற்ற மவுண்ட்களுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: விசையை அழுத்தும்போது விரலின் விசை சுவிட்சின் வழியாகப் பிளேட்டுக்குப் போகிறது, பிளேட்டிலிருந்து கேஸுக்கும் அங்கிருந்து மேசைக்கும் போகிறது. இந்த வழியில் பிளேட் எந்த இடத்தில், எதனால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் மவுண்ட் என்பதன் பொருள்.

மலிவான கேஸ்களில் காணப்படும் டிரே மவுண்டில், கேஸின் தரையிலிருந்து எழும் சில தூண்களில் பிசிபி திருகப்பட்டிருக்கும். தூணுக்கு நேர்மேலே உள்ள விசை கல்லைத் தட்டுவது போலவும், தூணிலிருந்து விலகிய விசை பலகையைத் தட்டுவது போலவும் இருக்கும். ஒரே வாக்கியத்தை அடிக்கும்போதே இந்த வேறுபாடு காதுக்குத் தெரியும். டாப் மவுண்டில் பிளேட்டின் ஓரங்கள் மேல்கேஸில் திருகப்படுகின்றன. ஒலி ஒரே சீராக இருக்கும், உணர்வு சற்றுக் கடினம். கேஸ்கெட் மவுண்டில் திருகே கிடையாது. பிளேட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் மேலும் கீழும் போரோன் (Poron) எனப்படும் மென்னுரைப் பட்டைகளை ஒட்டி, இரண்டு கேஸ் பாதிகளும் அவற்றை இடையில் கவ்வும்படி அமைக்கிறார்கள். அதிர்வு உலோகத்துக்குப் போகுமுன் நுரையில் தணிகிறது.

வடிவமைப்பில் பலர் கோட்டைவிடுவது இந்தக் கவ்வும் அளவில்தான். பட்டைக்கு ஒதுக்கிய இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் நுரை முழுவதும் நசுங்கிவிடும். நசுங்கிய நுரை கட்டை போலத்தான் நடந்துகொள்ளும். பெயர் கேஸ்கெட் மவுண்ட், உணர்வு டாப் மவுண்ட். மிகத் தளர்வாக இருந்தால் பிளேட் குலுங்கும். பட்டை தயாரிப்பாளர் தரும் அழுத்த அளவைப் பார்த்து, இடைவெளியை அதற்கேற்ப வரைய வேண்டும். பிசிபியின் அடியிலும் பிளேட் இறங்குவதற்கு இடம் விட வேண்டும். முன் பதிலில் சொன்ன அந்த 2 மி.மீ. சாக்கெட் இங்கே மறுபடியும் வந்து நிற்கும்.

பிளேட் எந்தப் பொருளால் ஆனது என்பதும் ஒலியை மாற்றும். பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 8.5 கிராம், அலுமினியம் 2.7, பாலிகார்பனேட் 1.2. பித்தளை கூர்மையாகக் கணீரென்று ஒலிக்கும். பாலிகார்பனேட் வளைந்து கொடுப்பதால் ஒலி தாழ்ந்து அடங்கும். நீங்கள் விரும்பும் ‘தொக்’ ஒலிக்குப் பாலிகார்பனேட்தான் நெருக்கம். ஆனால் காணொளியில் கேட்பதை அப்படியே நம்பாதீர்கள். ஒலிவாங்கியை எங்கே வைத்தார்கள், மேசையில் கனத்த விரிப்பு இருந்ததா, கண்ணாடி இருந்ததா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். கேஸின் உள்ளே இடமிருக்கும் இடமெல்லாம் ஃபோமைத் திணிக்கும் இன்றைய வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் எல்லா விசைப்பலகைகளும் ஒன்று போலவே ஒலிக்கும். பிறகு பிளேட்டைத் தேர்ந்தெடுக்க எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி: மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய சுவிட்சுகளைக் கம்பியால் இணைத்து ஒரு விசைப்பலகை செய்தேன். க்யூ, டபிள்யூ, ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நான் தொடாத எஸ் எழுத்தும் வருகிறது. வேறு சில விசைகளில் ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறது. அடுத்து பிசிபி வரையப் போகிறேன். என்ன தவறு?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவது மேட்ரிக்ஸில் டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) இல்லாததால் வருவது. ஒவ்வொரு விசைக்கும் கன்ட்ரோலர் சில்லில் தனிக்கால் கொடுக்க முடியாது என்பதால் விசைகளைக் கிடையான வரிசை, செங்குத்தான நிரல் என்று வலை போலக் கட்டுகிறோம். 5 வரிசையும் 14 நிரலும் இருந்தால் 19 கால்களைக் கொண்டு 70 விசைகள் வரை படிக்கலாம். க்யூவும் டபிள்யூவும் ஒரு வரிசையில், ஏவும் எஸ்ஸும் அதற்கடுத்த வரிசையில் இருக்கின்றன. கன்ட்ரோலர் இரண்டாவது வரிசையைச் சோதிக்கும்போது மின்னோட்டம் ஏ வழியாக முதல் நிரலுக்கு ஏறி, அங்கிருந்து க்யூ வழியாகப் பின்னோக்கி முதல் வரிசைக்குப் போய், டபிள்யூ வழியாக இரண்டாம் நிரலில் இறங்கிவிடுகிறது. கன்ட்ரோலரின் கண்ணுக்கு எஸ் அழுத்தப்பட்டதாகவே தெரியும். செவ்வகத்தின் மூன்று மூலைகள் மூடியிருந்தால் நான்காவது மூலையும் மூடியது போலத் தோன்றும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு 1என்4148 டயோடைத் தொடராக இணைத்தால் பின்னோக்கிப் போகும் அந்த வழி அடைபட்டுவிடும். எல்லா டயோடுகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும். எந்தத் திசை என்பதை ஃபர்ம்வேரிலும் அதே மாதிரி குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது நோய், சுவிட்சினுள் உள்ள உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லி வினாடிகள் துள்ளுவதால் வருவது. கீபோர்டுகளுக்கான கியூஎம்கே ஃபர்ம்வேர் இயல்பாக 5 மில்லி வினாடி பொறுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும். பழைய சுவிட்சுகளுக்கு அது போதாவிட்டால் அந்த எண்ணைச் சற்றுக் கூட்டுங்கள். கூட்டியும் நிற்கவில்லையென்றால் சுவிட்சின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

பிசிபி வரையும்போது இரண்டு இடங்களில் விழிப்பாக இருங்கள். ஒன்று, யூஎஸ்பி-சி இணைப்பு. அதன் சிசி1, சிசி2 என்ற இரண்டு கால்களிலும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் மின்தடை வைத்துத் தரையோடு இணைக்க வேண்டும். நான் முதலில் வரைந்த பிசிபியில் இதை விட்டுவிட்டேன். பழைய கணினியில், ஒரு முனை ஏ, மறுமுனை சி உள்ள கேபிளில் அது ஒழுங்காக வேலை செய்தது. இரு முனையும் சி உள்ள கேபிளைப் புதிய மடிக்கணினியில் செருகினால் உயிரே இல்லை. இரண்டு நாள் ஃபர்ம்வேரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மின்தடை இல்லாததால், எதிரே ஒரு கருவி இருப்பதையே அறியாத மடிக்கணினி மின்சாரமே அனுப்பவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

மற்றொன்று, சுவிட்ச் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறது என்பது. விளக்குக்கான துளை மேற்பக்கம் வரும்படி வைத்தால், செர்ரி வடிவக் கீகேப்புகளில் நடுவரிசைக் கேப்புகள் சில சுவிட்சுகளின் மேல்விளிம்பில் இடிக்கும். கீழ்ப்பக்கம் பார்க்க வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பிசிபி அச்சாகி வந்த பிறகு சுவிட்சைத் திருப்ப முடியாது.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகத் தட்டச்சுப் பணியில் இருக்கிறேன். தமிழ்99 முறையில்தான் தமிழ் அடிக்கிறேன். என் மருமகன் எனக்காகச் சின்னதாக ஒரு கீபோர்டு செய்து தருவதாகச் சொல்கிறார். எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? தமிழ் எழுத்துகளோடு கீகேப் செய்ய முடியுமா?
– ஓய்வுபெறவிருக்கும் தட்டச்சர், தஞ்சாவூர்

பதில்: அம்மா, மருமகன் எண் வரிசையும் இல்லாத நாற்பது விழுக்காட்டு விசைப்பலகை என்று பேச்செடுத்தால் சற்று நிறுத்துங்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து விசைகள் போதும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99க்கோ உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என்று 31 விசைகள் வேண்டும். ஆங்கிலத்தில் அரைப்புள்ளி, மேற்கோள்குறி, அடைப்புக்குறிகள், சாய்கோடு ஆகியவை இருக்கும் இடங்களில்தான் ந, ய, ச, ஞ, ழ ஆகியவை குடியிருக்கின்றன. பிளாங்க் போன்ற பன்னிரண்டு நிரல் அமைப்புகளில் சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் வெட்டப்பட்டிருக்கும்; அதாவது சகரமும் ஞகரமும் இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டியவையாகிவிடும். ஞகரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். சகரம் இல்லாமல் எத்தனை சொற்கள் அடிக்க முடியும்? அந்த அளவில்தான் செய்வேன் என்று மருமகன் அடம்பிடித்தால், வலது மேல்மூலையில் இருக்கும் பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்குக் கீழே இறக்கிவிட்டு அந்த இடத்தைச் சகரத்துக்குத் தரச் சொல்லுங்கள். என் கருத்து, அறுபது விழுக்காட்டு அமைப்பே உங்களுக்கு ஏற்றது. 31 விசைகளும் தத்தம் பழைய இடத்திலேயே இருக்கும்.

இரண்டாகப் பிளந்த விசைப்பலகையும் ஒத்துவரும். வகரமும் ஙகரமும் இடக்கைப் பக்கம் வரும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஙகரத்தை வலக்கைச் சுட்டுவிரலால் அடித்துப் பழகியிருந்தால் சில நாள் தடுமாறும்.

மருமகனுக்கு ஒரு குறிப்பு. விசைப்பலகை கணினிக்கு எழுத்துகளை அனுப்புவதில்லை, எண்களைத்தான் அனுப்புகிறது. ஏ விசை அனுப்பும் எண் 4. அதை அகரமாக்குவதும், ககரத்தை இரண்டு முறை அடித்தால் ‘க்க’ என்று தானே புள்ளி வைப்பதும் கணினியில் உள்ள உள்ளீட்டு மென்பொருளின் வேலை. ஆகவே ஃபர்ம்வேரில் தமிழுக்கென்று எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்துக்காகக் கோல்மேக், டிவோராக் போன்ற மாற்று எழுத்து அமைப்பை ஃபர்ம்வேரிலேயே ஏற்றினால் தமிழ்99 முழுவதும் சிதறிவிடும். அப்படிப்பட்டவர்கள் வழக்கமான குவெர்ட்டி அமைப்பைத் தனி லேயராக (விசைகளின் மாற்று அடுக்கு) வைத்து, ஒரு விசையை அழுத்தினால் அதற்கு மாறும்படி செய்துகொள்ள வேண்டும்.

கீகேப்பில் தமிழ் எழுத்து போடலாம். டபுள்-ஷாட் முறையில் எழுத்தும் பிளாஸ்டிக்காகவே வார்க்கப்படுவதால் தேயாது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அச்சு வேண்டும், 31 அச்சுகளின் செலவு ஒருவருக்காகச் செய்யத் தகாது. டை-சப்ளிமேஷன் முறையில் பிபிடி பிளாஸ்டிக்கின் மேல் சாயத்தை வெப்பத்தால் ஆவியாக்கி உள்ளே இறக்குகிறார்கள். பத்து தொகுப்புக்கும் ஒரு தொகுப்புக்கும் செய்யலாம். சாயம் பிளாஸ்டிக்கைவிடக் கருமையாக இருக்க வேண்டும் என்பதால் வெளிர்நிறக் கேப்தான் எடுக்க வேண்டும். ஆங்கில எழுத்தை மேல் இடமூலையிலும் தமிழெழுத்தைக் கீழ் வலமூலையிலும் வைத்தால் தமிழுக்கு 4 அல்லது 5 மி.மீ. உயரமே கிடைக்கும். அந்த அளவில் தடித்த எழுத்துருவைப் போட்டால் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். மெல்லிய, ஒரே சீரான கோடுள்ள எழுத்துருவைத் தேர்ந்து, தாளில் அதே அளவில் அச்சிட்டு, நீங்கள் அமரும் தூரத்திலிருந்து உங்கள் கண்ணாடியோடு பாருங்கள். புள்ளியின் விசையை மறந்துவிடாதீர்கள்: விரலுக்கு அடையாளமாக மேடு வைத்த எஃப் விசைதான் உங்கள் புள்ளி. வெறும் புள்ளி ஒன்றை அச்சிட்டால் அது அச்சுப்பிழை போலத் தெரியும். அதைச் சுற்றி விட்டு விட்டு வரைந்த ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் வடிவமைத்த அறுபத்தைந்து விழுக்காட்டு விசைப்பலகையைப் பார்த்த பலர் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். முன்பணம் வாங்கி ஐம்பது எண்ணிக்கை ‘குரூப் பை’ நடத்தலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: கையில் இருப்பது கணினிப் படமா, உலோகமா? படம் மட்டும் என்றால் வேண்டாம். உலோகத்தில் ஒன்றையேனும் செய்து, அதிலேயே ஒரு மாதம் அன்றாட வேலையைச் செய்து, அதன் குறைகளை நீங்களே திட்டிய பிறகு பணம் வாங்குங்கள். நானும் ஒருமுறை அழகான படத்தை நம்பிப் பணம் கட்டி, ஒன்றரை ஆண்டு காத்திருந்திருக்கிறேன். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடத்தியவர் மூன்று மாதம் வாயே திறக்காமல் இருந்ததுதான் கசப்பு.

வாங்குபவர்களின் முன்பணம் உங்கள் பணம் அல்ல; தனிக் கணக்கில் வையுங்கள். கேஸ் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே தொட்டியில், ஒரே நாளில் அனோடைஸ் ஆக வேண்டும் என்று ஆலையிடம் எழுதி வாங்குங்கள். வெவ்வேறு தொட்டியில் முக்கினால் ஒரே பெயருள்ள நீலம் இரண்டு நீலங்களாக வரும். ஐம்பதுக்கு ஐம்பது செய்யாதீர்கள். கேஸில் மூன்றும் பிசிபியில் ஐந்தும் கூடுதலாகச் செய்து, அந்தச் செலவையும் விலையில் தொடக்கத்திலேயே சேருங்கள். கீறலோடு வந்ததை மாற்றித் தரக் கையில் ஒன்று இல்லாதபோதுதான் நட்பெல்லாம் முறிகிறது.

கேள்வி: எல்லாம் நன்றாக அமைந்துவிட்டது, ஸ்பேஸ் பார் மட்டும் ‘சளசள’ என்று ஒலிக்கிறது. ஃபோம் வைத்தும் போகவில்லை.
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஒலி ஃபோமின் இடத்திலிருந்து வரவில்லை, ஸ்டெபிலைசரிலிருந்து வருகிறது. நீண்ட விசையின் ஒரு முனையை அழுத்தினாலும் மறுமுனையும் சேர்ந்து இறங்க ஒரு வளைந்த கம்பி உதவுகிறது. அந்தக் கம்பி தன் கூட்டுக்குள் ஆடுவதுதான் சளசளப்பு. கழற்றி, கம்பியைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து இரு முனைகளையும் மாறி மாறித் தட்டுங்கள். ஒரு முனை எழும்பினால் கம்பி முறுக்கேறியிருக்கிறது என்று பொருள். குறடால் சிறிது சிறிதாக வளைத்து, இரு முனைகளும் கண்ணாடியில் படியும்வரை திருத்துங்கள். பிறகு கம்பியின் முனைகளில் கெட்டியான டைஎலெக்ட்ரிக் கிரீஸும், பிளாஸ்டிக் உராயும் பக்கங்களில் மெல்லிய பூச்சாகக் கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற மசகும் தடவுங்கள். அப்பிவிட்டால் விசை மெதுவாகத்தான் மேலே எழும்பும்.

அப்படியும் போகவில்லையென்றால் உங்கள் ஸ்டெபிலைசர் பிளேட்டில் கவ்வும் வகையா என்று பாருங்கள். பிசிபியில் திருகும் வகைதான் அசையாமல் நிற்கும். அதற்கான துளைகள் பிசிபியில் இருக்க வேண்டும், 6.25 யூனிட் ஸ்பேஸ் பாருக்கு இரு கூடுகளின் நடுவே 100 மி.மீ., 7 யூனிட்டுக்கு 114.3 மி.மீ. இரண்டு அளவுக்கும் துளை போட்டு வைத்த பிசிபிகளும் உண்டு. உங்களுடையதைத் திருப்பிப் பார்த்து, துளை இருக்கிறதா என்று எழுதுங்கள்.